அரைப்பரீட்சை லீவும் அத்தையின் கையெழுத்தும்

காப்பரீட்சை லீவு ஆயுத பூஜையோடு முடிந்துவிடும். முழுப்பரீட்சை லீவு வெயிலில் நீண்டுகொண்டே போகும். அதில் பாதி நாள் ஊர் சுற்றுவதிலும் மீதி நாள் படுத்துக்கிடப்பதிலும் கழியும். மார்கழியில் வரும் அரைப்பரீட்சை லீவுதான் எங்கள் வீட்டில் படிப்பு நடந்த காலம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தைச் சாத்துவார்கள், ஆங்கிலப் புத்தாண்டு பிறந்த கையோடு திறந்துவிடுவார்கள். இடையில் கிடைத்த அந்தக் கொஞ்ச நாளில் வீட்டில் கற்றதை வைத்துத்தான் பின்னால் நான் வாத்தியார் வேலைக்கே வந்தேன் என்று எனக்கு உறுதியான எண்ணம் உண்டு.

திண்டுக்கல்லில் மார்கழி விடியும்போது மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியாது. பனி மூடியிருக்கும். எட்டு மணி வாக்கில்தான் பாறையின் அடிப்பாகம் தெரியும், பிறகு மதில், பிறகு உச்சி. அதற்குள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓய்ந்திருக்கும்; பேகம்பூர்ப் பள்ளிவாசலின் பாங்கும் வளனார் தேவாலயத்தின் மணியும் கேட்டு முடிந்திருக்கும். எங்கள் சந்தில் அதற்குப் பிறகு கேட்பதெல்லாம் அரம் தேய்க்கும் சத்தம்தான். வீட்டுக்கு வீடு பூட்டுப் பட்டறை. ஒரு வீட்டில் தகடு வெட்டுவார்கள், இன்னொரு வீட்டில் வளையம் வளைப்பார்கள், மற்றொன்றில் சாவிக்குப் பல் வெட்டுவார்கள். பரட்டை ஆசாரி சகோதரர்கள் தொடங்கிவைத்த தொழில் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா உயிரோடு இல்லை.

அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. சோறு கிடைத்ததால் ஐந்து வரைக்கும் போனேன், இல்லையென்றால் இரண்டோடு நின்றிருப்பேன் என்பார். அதன் பிறகு பட்டறை. கூலி டஜன் கணக்கில். மாங்காய்ப் பூட்டும் அலமாரிப் பூட்டும் செய்வார், எப்போதாவது மணிப்பூட்டுக்கு ஆர்டர் வரும். சாவியைத் திருப்பினால் உள்ளே மணி அடிக்கும் பூட்டு அது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் யாரும் திறந்துவிட முடியாது. அந்த ஆர்டர் வந்தால் சந்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிடுவோம்.

லீவு விட்டதும் என்னைப் பட்டறைப் பலகையில் உட்கார வைப்பது அப்பாவின் வழக்கம். பெண்பிள்ளைக்கு அரம் எதற்கு என்று அக்கம்பக்கத்தில் கேட்டவர்கள் உண்டு. அவர் அதைக் காதில் வாங்கியதே இல்லை. பித்தளையைக் காலையில் தொட்டால் விரல் மரத்துப்போகும். கொட்டாங்குச்சித் தணலில் கையைக் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பூட்டுக்குள் லீவர் என்று மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு லீவரைத் தூக்கும். தூக்க வேண்டிய உயரத்துக்கு ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் உள்ளே இருக்கும் நாக்கு நகராது. எல்லா லீவரும் ஒரே கோட்டுக்கு வந்து நின்றால்தான் வழி விடும். ஏழு லீவர் பூட்டு என்றால் ஏழு உயரம், ஏழும் வேறு வேறு. ஒரே அச்சில் கொட்டி எடுக்காமல் கையால் தேய்ப்பதால்தான் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேருவதில்லை.

"எத்தனை இழுப்பு இழுத்த?" என்று கேட்பார் அப்பா.

"பன்னெண்டு."

"போட்டுப் பாரு. பிடிச்சா இன்னும் ரெண்டு. மூணு இழுத்துட்டா அந்தச் சாவிய எடைக்குத்தான் போடணும் ஆத்தா."

வகுப்பில் நான் கணக்குக்கு நடுங்குகிற பிள்ளை. அங்கே விடை தப்பினால் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். எங்கே தப்பியது என்று தெரியாது. பட்டறையில் பூட்டே சொல்லிவிடும். திறக்காத பூட்டைப் பிரித்து எந்த லீவர் இடிக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. பிழை எங்கே இருக்கிறது என்று பொறுமையாகப் பார்க்கலாம், பார்த்தால் திருத்தலாம் என்பதை எனக்கு முதலில் காட்டியது அந்தப் பலகைதான். இன்றைக்கும் என் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டில் வெறும் தப்புக்குறி போட எனக்குக் கை வருவதில்லை.

வருஷா வருஷம் பட்டறையில் ரெண்டு மூணு நாள் ஆனதும் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வேடசந்தூர் பக்கம் அம்மாச்சி வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவாள். பனி விழுந்தால் மொச்சை காய்க்கும் காலம் அது. சோளம் பால்பிடித்து நிற்கும், பரணில் ஏறிக் குருவி ஓட்டலாம். 1987-இல் போகவில்லை. டிசம்பர் 24-ஆம் தேதி விடிவதற்குள் எம்.ஜி.ஆர். இறந்துவிட்டார். பஸ் ஓடவில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்தக் காலை இன்னும் நினைவிருக்கிறது. சந்தில் அரம் சத்தம் இல்லை. ரேடியோவில் சோக இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. முக்கில் நாற்காலி போட்டு அவர் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். ஆண்கள் சிலர் மொட்டை அடித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டு வாசற்படியில் அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். பிள்ளை கிடையாது. வெற்றிலைக் கடைக்குப் பாக்கு வெட்டிக் கொடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் பாரமாக இருக்கிறோமே என்று சொல்லிக்கொண்டு இருந்தாள். 1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிவைத்தார். முதலில் கிராமங்களுக்கு மட்டும்; அந்த வருஷம் செப்டம்பர் 15 முதல் நகரங்களுக்கும் வந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் ஆயா. ஆதரவில்லாத பெண்களுக்கும் விதவைகளுக்கும் அந்த வேலையில் முன்னுரிமை கொடுத்தார்கள். அப்படித்தான் அத்தை எங்கள் நகராட்சிப் பள்ளியில் ஆயாவானாள், பிறகு சமையலர் ஆனாள். பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்தது என்று அந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். தமிழ்நாடு முழுக்கப் புருஷன் இல்லாத எத்தனையோ பெண்கள் அந்த அடுப்படியில் நின்றுதான் முதன்முதலாகத் தங்கள் பெயருக்கு ஒரு சம்பளம் வாங்கினார்கள். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தச் சம்பளத்தை அத்தை கைநாட்டு வைத்துத்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். நீலமை டப்பாவில் கட்டைவிரலை அழுத்தி, பதிவேட்டில் உருட்டி, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வாள். அது எனக்கு வெகுநாள் வித்தியாசமாகவே படவில்லை.

பேப்பர் மறுநாள் வந்ததா, அதற்கும் மறுநாளா என்று நினைவில்லை. மெரினாவில் அடக்கம் செய்த படங்கள் அதில் இருந்தன. அத்தை அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"மருமகளே, இதுல அவரு பேரு எங்கன இருக்கு?"

காட்டினேன். எம்.ஜி.ஆர். என்று கொட்டை எழுத்தில் இருந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். அடுத்த பத்தியில் தானாகவே அதைக் கண்டுபிடித்தாள். அப்புறம் பக்கம் முழுக்க. புள்ளிகளும் எழுத்துகளுமாக அது எங்கே ஒளிந்திருந்தாலும் அவள் விரல் போய் நின்றது.

படிக்கத் தெரியாதவள் என்று அத்தையைச் சொல்வது முழுக்கச் சரியில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1973-இல் இதே திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் தொடங்கிய அ.தி.மு.க. முதல் முறையாக இரட்டை இலைச் சின்னத்தில் இங்கேதான் நின்றது, மாயத்தேவர் ஜெயித்தார். அத்தை அப்போது குமரி. சுவரெல்லாம் இலை வரைந்திருந்ததையும், ஓட்டுச்சீட்டில் அதைத் தேடிக் குத்திவிட்டு வரும்படி வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்ததையும் பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். காகிதத்தில் இருக்கும் உருவத்துக்கு ஓர் அர்த்தம் உண்டு, அதைச் சரியாகக் கண்டுபிடித்தால் ஊரில் ஏதோ நடக்கும் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. எழுத்தை மட்டும்தான் யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள்: "அந்த மகராசன் குடுத்த வேலை அண்ணே. அவரு இருக்கும்போதே ஒருநா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கலாம்ல."

மறுநாள் நான் சிலேட்டை எடுத்தேன். கோவை இலை தேய்த்துக் கழுவி, அவள் பெயரை மேலே எழுதி, கீழே எழுதச் சொன்னேன். வகுப்பில் டீச்சர் எங்களுக்குச் செய்தது அதுதான், எனக்குத் தெரிந்த ஒரே வழியும் அதுதான். அத்தைக்கு வரவில்லை. அரிவாள்மணையில் கத்தரிக்காயைக் கண்ணை மூடிக்கொண்டு நறுக்குகிற கை, குச்சியைப் பிடித்தால் விறைத்துக்கொண்டது. ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்தது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க நிமிர்வாள், அதற்குள் போட்ட சுழி மறந்துவிடும். வேர்த்துவிட்டது அவளுக்கு. "ஏழு கழுத வயசாச்சு, இனிமே எனக்கெதுக்கு" என்று சிலேட்டை நகர்த்தி வைத்தாள்.

பட்டறை மூடிக்கிடந்தது. கடைவீதியும் இல்லை, ஆர்டரும் இல்லை. சும்மா இருந்து பழக்கமில்லாத அப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய்க் கழிவுப் பித்தளையில் நீளமாக ஒரு துண்டை எடுத்து வைஸில் மாட்டினார். என்னைக் கூப்பிட்டு, அத்தை பெயரைச் சாக்பீஸால் அதன்மேல் பெரிதாக எழுதச் சொன்னார். பிறகு உளியை வைத்துத் தட்டத் தொடங்கினார். சாயங்காலம் வரை ஆனது. ஒவ்வொரு எழுத்தும் விரல் நுனி படுத்துப் போகிற அகலத்துக்கு ஒரு பள்ளம். பிசிறு குத்தாமல் இருக்க உள்ளே அரத்தாளால் தேய்த்தார். எழுத்து எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே ஆணியால் ஒரு குழி வைத்தார்.

"குழியில விரல வையி. பள்ளம் போற பக்கம் போ. வேற ஒண்ணும் யோசிக்காத."

அத்தை கண்ணை மூடிக்கொண்டு போனாள். போய்ப் போய்த் திரும்பி வந்தாள். சோறு வேகும் நேரத்தில், பாக்கு வெட்டும் இடைவெளியில், படுக்கப்போகும்போது என்று தகடு அவள் மடியிலேயே இருந்தது. மூன்றாம் நாள் தகட்டை ஓரமாக வைத்துவிட்டு அடுப்படிச் சாம்பலில் விரலால் எழுதிக் காட்டினாள். கடைசி எழுத்தின் புள்ளி வரைக்கும் வந்திருந்தது. அதன் பிறகு சிலேட்டு, அதன் பிறகு என் இரட்டைவரி நோட்டு. லீவுக்கு எனக்குக் கொடுத்திருந்த கையெழுத்துப் பயிற்சிப் பக்கங்களில் என் வரிக்குக் கீழே ஒரு வரி அவளுடையது.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மரியா மாண்டிசோரியைப் பற்றிப் படிக்கும்போது, எழுதக் கற்பதற்கு முன் குழந்தைகள் விரலால் தடவிப் பார்க்க உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை அந்த அம்மையார் பயன்படுத்தினார் என்று வந்தது. புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். 1939-இல் சென்னைக்கு வந்த அவர், உலகப் போர் முடியும் முன் சில வருஷம் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தவர். எங்கள் மாவட்டத்து மலைதான். மலைக்குக் கீழே, திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கைத்தொழில் வழியாகவே கல்வி என்ற காந்தியின் ஆதாரக் கல்வியை நம்பியவர்கள். அப்பா இவர்கள் யாரையும் படித்ததில்லை. காந்திகிராமத்தை பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பார், அவ்வளவுதான். தங்கையின் விரலுக்கு எது தெரியும், எது தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கல்வியைப் பற்றி நான் படித்த பெரிய புத்தகங்கள் எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

நான் இப்போது வேடசந்தூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இருக்கிறேன். டிசம்பர் வந்தால் பெற்றோர் சிலர் லீவுக்கு நிறைய எழுதக் கொடுங்கள் டீச்சர் என்று கேட்கிறார்கள். வாய்ப்பாட்டைப் பத்துமுறை எழுதச் சொன்னால் பிள்ளை வீட்டில் அடங்கிக் கிடக்கும் என்ற நினைப்பு. எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. வீட்டில் நடக்கிற வேலைக்குள் இருக்கும் ஒரு கணக்கைக் கேட்டு எழுதி வா என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். முருங்கைக்காய்க் கட்டுக்கு எத்தனை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் எவ்வளவு, பனி கொட்டும் மாதத்தில் நிலக்கோட்டை மல்லிகை ஏன் விலை ஏறுகிறது என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். பாதி நோட்டில் அம்மாவின் எழுத்தும் இருக்கிறது. பாட்டியின் கணக்கை வைத்துக்கொண்டு என்னோடு வாதாட வருகிற பிள்ளைகளும் உண்டு. அந்த வாதத்துக்கு நான் எப்போதும் நேரம் ஒதுக்குவேன்.

அத்தை கதைக்கு வருகிறேன். கையெழுத்தோடு அவள் நிற்கவில்லை. லீவு முடிய ஒன்றிரண்டு நாள் இருக்கும்போது எண்களைக் கேட்டாள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி என்பது சத்துணவுக் கணக்கு. காலையில் வருகைப் பதிவை எண்ணி அமைப்பாளர் ஒரு துண்டுச் சீட்டை அனுப்புவார், அத்தை அதை டீச்சர் யாரிடமாவது காட்டிக் கேட்டுக்கொண்டு படியால் அளந்து உலையில் போடுவாள். கிராமும் படியும் அவள் மனசில் ஒருநாளும் ஒட்டவில்லை. நான் கூட்டல் போட்டும் பெருக்கல் போட்டும் காட்டினேன். அவள் விடைகளை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"234 பிள்ளைன்னா 23 கிலோ 400. 218-ன்னா 21 கிலோ 800. இதுக்கு எதுக்கு இம்புட்டு எழுதுற? கடைசி எண்ணத் தனியா ஒதுக்கிட்டாப் போதும்ல."

தசம புள்ளி எங்களுக்கு அந்த வருஷம்தான் பாடம். டீச்சர் இரண்டு தரம் நடத்தியும் எனக்கு ஏறாமல் இருந்தது. பத்தால் வகுத்தால் புள்ளி ஓர் இடம் ஏன் நகர்கிறது என்பது அந்த அடுப்படியில் அத்தை வாயால்தான் எனக்கு விளங்கியது. சொல்லிக்கொடுத்தவள் யார், கற்றுக்கொண்டவள் யார் என்று பிரிக்க முடியாமல் அந்த லீவு போனது.

பள்ளி திறந்த பிறகு வந்த சம்பள நாளன்று அமைப்பாளர் வழக்கம்போல மை டப்பாவைத் திறந்து வைத்தார். அத்தை அதை மூடிவைத்துவிட்டுப் பேனா கேட்டாள். பதிவேட்டுக் கட்டம் சின்னது. அவள் பழகியதெல்லாம் பெரிய எழுத்து. பெயர் கட்டத்தை விட்டு வெளியே வந்து அடுத்த ஆளின் இடத்திலும் கொஞ்சம் உட்கார்ந்தது. அமைப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆள் கீழே தள்ளிப் போட்டுக்கொண்டார்.

1989-இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். 2010-இல் அது வாரத்தில் ஐந்து நாளானது. முதல் வருஷம் நான் ஆறாம் வகுப்பைத் தாண்டிவிட்டேன், தம்பி அங்கேயே படித்துக்கொண்டிருந்தான். முட்டை வந்த ஒருநாள் அமைப்பாளர் லீவு. வண்டிக்காரர் அட்டைகளை இறக்கி அடுக்கிவிட்டு, ஒரு சீட்டை நீட்டி, "இந்தா ஆயா, இதுல ஒரு கைநாட்டு வையி, நேரமாச்சு" என்றிருக்கிறார். நடந்ததைத் தம்பி ஓடிவந்து வீட்டில் சொன்னான். அத்தை சீட்டை வாங்கிப் பார்த்தாள். அட்டைகளைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"எண்ணிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். நீ வேணும்னா ஒரு டீ குடிச்சிட்டு வா தம்பி."